தற்காப்புப் பயிற்சி காலடியிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்களில் மாணவ மாணவியர் ஓடுகளை உடைக்கும் படங்கள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது வெளியாகின்றன. அண்மையில் வந்த அத்தகைய படம் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்கி வைத்த ஓடுகளுக்கு முன்னால் ஒரு மாணவி கையை ஓங்கி நிற்கிறாள். முகத்தில் உறுதி தெரிகிறது, கைமுட்டி தெரிகிறது. முழங்காலுக்குக் கீழே படம் வெட்டப்பட்டிருக்கிறது. சிறுவயதில் ஊர் ஆசானிடம் சிலம்பமும் குத்துவரிசையும், பிறகு உடற்கல்வி படித்த காலத்தில் ஜூடோவும் கற்று, முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், அந்தப் படத்தில் விடுபட்டுப்போன பாதங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். படத்தில் மட்டும் விடுபட்டிருந்தால் இக்கடிதத்துக்குத் தேவை இருந்திருக்காது. நம் பள்ளிகளில் நடக்கும் பயிற்சியிலேயே அவை விடுபட்டுவிட்டன என்பதுதான் என் கவலை.

அரசுப் பள்ளி மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. மிக நல்ல ஏற்பாடு அது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் நான் நேரில் கண்ட வகுப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. பிள்ளைகள் வரிசையில் நிற்க, பயிற்றுநர் எண்ணிக்கை சொல்ல, எல்லோரும் காற்றில் குத்துகிறார்கள். கை நேராக நீண்டதா, குரல் எழும்பியதா, வரிசை கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. பின்காலின் குதி எங்கே இருக்கிறது, இடுப்பு திரும்பியதா, முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்த பயிற்றுநரை நான் ஓரிருவரைத் தவிரக் கண்டதில்லை.

நிற்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று பெற்றோர் கேட்பதுண்டு. குண்டும் குழியுமான சாலையில் ஓடும் நகரப் பேருந்தில் நடத்துநர் நிற்பதைக் கவனித்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. ஒரு கையில் சில்லறை, மறு கையில் பயணச்சீட்டு. கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை மிச்சமில்லை. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டதும் பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய, அவர் சீட்டைக் கிழித்துக்கொண்டே நிற்கிறார். அவருடைய பாதங்கள் பக்கத்துப் பக்கமாகச் சேர்ந்திருப்பதில்லை. ஒரே நேர்க்கோட்டிலும் இருப்பதில்லை. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக, தோள் அகலத்துக்கு விலகி, கோணலாக ஊன்றியிருக்கின்றன. முழங்கால்கள் விறைக்காமல் சற்றே தளர்ந்திருக்கின்றன. குத்துச்சண்டை வீரரும் மல்யுத்த வீரரும் களத்தில் நிற்கும் நிலை ஏறக்குறைய இதுதான். பயிற்சிக் கூடத்தில் இரண்டு ஆண்டுகள் கற்றுத்தருவதை அவருக்கு வேலையே கற்றுத்தந்துவிட்டது.

இதை விளக்க வகுப்பில் நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஒரு மாணவியை அவளுக்கு வசதிப்பட்டபடி நிற்கச் சொல்லி, இரு பாதங்களையும் இணைத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். தோழி ஒருத்தி அந்தக் கோட்டின் போக்கிலேயே அவள் தோளைத் தள்ளினால், முழுப் பலத்துடன் தள்ளினாலும் அவள் தாங்குவாள். அதே கோட்டுக்குக் குறுக்காக, இரண்டே விரல்களால் தள்ளினால் அவள் தடுமாறி ஓர் அடி எடுத்து வைத்தாக வேண்டும். முக்காலியில் மூன்றாவது கால் இல்லாத இடம் அது. மனிதன் இரண்டு காலில் நிற்பவன் ஆகையால், எப்படி நின்றாலும் இந்தப் பலவீனமான திசை ஒன்று இருந்தே தீரும். கால்களை மாற்றி வைத்தால் அந்தத் திசை இடம் மாறுமே தவிர மறையாது. அடிப்பவர் தன் பலவீனத் திசையை எதிராளிக்குக் காட்டாமல் நிற்கப் பழகுகிறார். பிடிப்பவர் எதிராளியின் பலவீனத் திசையைத் தேடிப் பழகுகிறார். நின்று செய்யும் எல்லாத் தற்காப்புக் கலைகளுக்கும் இந்தச் சாக்பீஸ் கோடு பொதுவானது என்பது என் துணிபு.

இப்படிப் பாதம் வைத்து நிற்பதையும் நகர்வதையும் எங்கள் ஊர்ப் பக்கம் சிலம்பத்தில் காலடி என்பார்கள். குமரி மாவட்டத்தில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்பிக்கும் ஆசான்கள் சுவடு என்பார்கள். என் ஆசான் நெற்களத்தில் சாம்பலால் அடையாளம் போட்டு, முதல் சில வாரங்கள் அந்த அடையாளங்களின் மேல் கால் மாற்றி வைப்பதை மட்டுமே செய்ய வைத்தார். பையன்களாகிய எங்களுக்குக் கம்பு சுழற்றும் ஆசை. கேட்டால், “மொதல்ல நில்லு, பொறவு சுத்தலாம்” என்பார். நாங்கள் நிற்கும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து, கம்பின் நுனியால் முழங்கால் மடிப்பில் மெல்லத் தொடுவார். விறைத்து நின்றவன் கால் மடிந்து உட்கார்ந்துவிடுவான். தளர்வாக நின்றவன் ஓர் அங்குலம் இறங்கி மீண்டும் எழுவான். அவர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் விறைத்த முழங்கால் தரையின் வலுவை மேலே கடத்தாது என்பதை அந்த ஒரு தொடுதலில் எங்களுக்குப் புரியவைத்துவிட்டார்.

தரையின் வலு என்று நான் சொல்வது உவமை அன்று. பின்காலின் முன்பாதத்தால் தரையைப் பின்னோக்கி மிதிக்கும்போது, தரை அதே அளவு விசையுடன் நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் சொல்லிப் புரியவைக்கக்கூடிய நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. அந்தத் தள்ளல் கணுக்கால், முழங்கால் வழியாக ஏறி இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு விலாவையும் மார்பையும் இழுக்கிறது, தோள் பின்தொடர்கிறது, கைமுட்டி எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புறப்படுகிறது. குளத்தில் வீச்சுவலை வீசுபவரைப் பாருங்கள். கையால் மட்டும் வீசினால் வலை காலடியிலேயே சுருண்டு விழும். அவர் காலை ஊன்றி, இடுப்பை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, அதை அவிழ்த்து விடும்போது கை தானாகச் சுழல்கிறது. வலை வட்டமாக விரிகிறது. குத்தும் அப்படித்தான். வரிசையில் ஒரு கண்ணி முந்திக்கொண்டாலும், அதாவது இடுப்பு திரும்புவதற்கு முன்பே கை நீண்டுவிட்டாலும், கீழிருந்து வரவேண்டிய வேகம் வழியிலேயே நின்றுவிடும்.

சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களின் குத்தை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்குத் தெளிவான சான்று. கைதேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் உந்துதலுக்கு ஏறத்தாழ 38 சதவீதப் பங்கு இருந்தது. கற்றுக்குட்டிகளின் குத்தில் அது 17 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கையின் பங்கோ நேர்மாறாக, கைதேர்ந்தவர்களிடம் குறைந்தும் புதியவர்களிடம் மிகுந்தும் காணப்பட்டது. நாள்படப் பயில்கிறவரின் உடலில் குத்து மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மூன்று மாதம் மட்டுமே நம்மிடம் இருக்கும் ஒரு மாணவிக்கு நாம் கையிலிருந்து தொடங்கினால், அவளுடைய குத்தின் பெரும்பகுதியை அவளுக்கு அறிமுகப்படுத்தாமலே அனுப்பிவிடுகிறோம்.

அடி விழும் கணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்கள் ஏழு பேரின் குத்தைச் செயற்கைத் தலை ஒன்றின் மீது அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கையின் வேகம் சராசரியாக நொடிக்கு 9 மீட்டரைத் தாண்டியது. விசை 3,400 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 350 கிலோ எடைக்கு இணையாக இருந்தது. என்னை வியக்கவைத்தது மூன்றாவது எண். அந்த மோதலில் பங்கெடுத்த நிறை சராசரியாக 2.9 கிலோ எனக் கணக்கிடப்பட்டது. மணிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் கை மட்டும் அரைக் கிலோ அளவே இருக்கும். மீதி நிறை மணிக்கட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. மணிக்கட்டு மடங்காமல், முழங்கை பக்கவாட்டில் பறக்காமல், தோள் இறங்கி, உடல் அந்தக் கணத்தில் ஒரே துண்டாக இறுகியதால் வந்தது. ஆனால் தொடக்கம் முதலே இறுகியிருந்தால் கை வேகம் எடுக்காது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் தேர்ந்த சண்டை வீரர்களின் தசைகளை அளந்தபோது, அடி புறப்படும் கணத்தில் ஓர் இறுக்கமும், நடுவில் ஒரு தளர்வும், அடி விழும் கணத்தில் மீண்டும் ஓர் இறுக்கமும் பதிவாயின. முகம் சிவக்க, பல்லைக் கடித்து, முழு உடலையும் முறுக்கி நிற்கும் பிள்ளையைப் பார்த்து “சபாஷ்” சொல்லும் பயிற்றுநர்கள் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை தன் கைக்குத் தானே தடை போட்டுக்கொண்டிருக்கிறது.

வலுவைப் பற்றி மட்டுமே நான் கவலைப்படுவதாக வாசகர்கள் கருதிவிடக் கூடாது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, அருகிலிருந்த பள்ளி ஒன்றில் நடந்த பயிற்சியைப் பார்க்க அழைத்திருந்தார்கள். மாலை நேரம். அறுபது மாணவியர் சிமெண்டுத் தளத்தில் ரப்பர் அடி கொண்ட கான்வாஸ் காலணிகளுடன், காலைப் பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் வட்ட உதை பழகிக்கொண்டிருந்தார்கள். வட்ட உதையில் உதைக்கும் காலைவிட ஊன்றிய கால் முக்கியமானது. இடுப்பு திரும்பும்போது ஊன்றிய பாதமும் முன்பாதத்தின் மேல் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்கும் அளவுக்குத் திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுழற்சி முழுவதையும் முழங்கால் ஏற்க வேண்டியிருக்கும். மடங்கி நீள்வதற்கு அமைந்த மூட்டு அது, முறுக்குவதற்கு அமைந்ததன்று. இரண்டாவது வரிசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஊன்றிய பாதம் திரும்பவே இல்லை. பயிற்றுநர் “இன்னும் உயரமா, இன்னும் உயரமா” என்று சொல்லிக்கொண்டே அவளைக் கடந்து போனார். நான் பார்த்தேன், விருந்தினராக வந்தவன் குறுக்கிடக் கூடாது என்று தயங்கினேன். நான்காவது உதையிலோ ஐந்தாவதிலோ அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தசைநார் கிழிந்திருந்தது. பள்ளியின் கோ-கோ அணியில் ஓடிக்கொண்டிருந்தவள் அவள். அந்த ஆண்டு அவளால் ஓட முடியவில்லை. அன்று நான் எழுந்து போய் அவள் குதிகாலைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். அதற்கு ஐந்து நொடிகூட ஆகியிருக்காது.

பிடித்து வீழ்த்தும் கலைகளில் நிலையின் அருமை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1882-இல் தோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக் கூடத்தை நிறுவி ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ, உருவத்தில் சிறியவர். எறிவதற்கு முன் எதிராளியின் நிலையைக் குலைப்பதை ஒரு தனிப் படியாகப் பிரித்து, அதைக் குசுஷி என்ற பெயரில் கற்பித்தார். நான் மேலே சொன்ன சாக்பீஸ் கோட்டுக்குக் குறுக்கான திசையில் எதிராளியை இரண்டு அங்குலம் இழுப்பதுதான் பெரும்பாலும் அது. அந்த இரண்டு அங்குலம் கிடைத்த பின் எடை ஒரு பொருட்டே இல்லை. கிடைக்காதபோது எவ்வளவு பலம் இருந்தாலும் முதுகுதான் வலிக்கும்.

முதுகு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடுப்பு எறிதலில், எறிபவரின் இடுப்பு எதிராளியின் இடுப்புக் கச்சைக்குக் கீழே போக வேண்டும்; அதற்கு முழங்காலை மடக்கி இறங்க வேண்டும்; பிறகு காலை நீட்டினால் எதிராளி தரையை விட்டு எழும்பிவிடுவார். புதிதாகக் கற்பவர்கள் இறங்கச் சோம்பி, இடுப்பிலிருந்து குனிந்து, எதிராளியின் முழு எடையையும் முதுகெலும்பால் தூக்குகிறார்கள். நெல் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரும் அப்படித் தூக்கமாட்டார். அவர் மூட்டையை உடலோடு ஒட்டவைத்து, உட்கார்ந்து, காலால் எழுவார். எங்கள் வகுப்புக்கு ஒருமுறை சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரை அழைத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னேன். அன்று ஒரு மணி நேரத்தில் அவர்கள் கற்றதை நான் ஒரு மாதம் வாயால் சொல்லியும் கற்பித்திருக்க முடியாது.

கபடி தெரிந்த வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பாடி வருபவரின் தொடையைப் பிடிக்கும் ஆட்டக்காரர் முதுகை வளைத்துக் கையை மட்டும் நீட்டினால், அவரையும் இழுத்துக்கொண்டு பாடி வந்தவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். இடுப்பை இறக்கி, தலையை நிமிர்த்தி, தோளை ஒட்டிப் பிடித்தவரை அசைக்க முடியாது. தலை தாழ்ந்தால் உடலும் அதன் பின்னால் தாழும். மல்யுத்தத்தில் எதிராளியின் பிடரியைப் பிடித்து அழுத்துவதெல்லாம் அதற்காகத்தான். நம் மண்ணுக்கு இது புதிய பாடமும் அன்று. புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடும்போது, அவனுடைய கைவலிமையைச் சொல்லவில்லை. ஒரு கால் மார்பில் ஊன்றியதையும், மறு கால் மல்லனின் உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் வளைந்ததையும் சொல்கிறார். மற்போரைக் கண்ட புலவரின் கண் போன இடத்துக்கு நம் பயிற்றுநர்களின் கண்ணும் போனால் போதும்.

ஓடு உடைத்தலுக்கு வருகிறேன். சுட்ட மண் ஓடு அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இரு முனைகளையும் முட்டுக்கொடுத்து நடுவில் அடித்தால் அடிப்பக்கம் விரிந்து உடனே விரிசல் விடும். ஓடுகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைத்து இடைவெளி விட்டால், எல்லாவற்றையும் ஒருசேர வளைக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே போகும். ஆகவே ஐந்து ஓடு உடைந்தது என்பது நாம் நினைக்கும் அளவுக்கு ஒரு பிள்ளையின் வலுவைக் காட்டுவதில்லை. மேலும் ஓடு நகராது, தள்ளாது, மணிக்கட்டைப் பிடித்து இழுக்காது. பேருந்து நிலையத்திலோ தெருமுனையிலோ ஒரு பெண் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் ஒரு தள்ளலாகவோ கைப்பிடியாகவோ இருக்கும். தள்ளப்பட்டதும் விழாமல் இருக்கவும், பிடித்தவனின் பெருவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி, கையால் இழுக்காமல் ஓர் அடி எடுத்து வைத்து இடுப்பின் திருப்பத்தால் விடுவித்துக்கொண்டு ஓடவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் காலடியில் அடங்கியவை. ஓடுகளை உடைத்த தன்னம்பிக்கையோடு ஒரு பிள்ளை கால்களைச் சேர்த்து வைத்து நின்று சண்டைக்குத் தயாராவதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மிகத் தாழ்ந்து நிற்பதுதான் நல்ல நிலை என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். கராத்தேயில் நீண்டு தாழ்ந்த நிலைகளைப் பழக்குவது தொடைக்கு வலுவூட்டவும் இடுப்பின் போக்கை உணர்த்தவும் உதவுகிறது. ஆனால் அவ்வளவு தாழ்ந்து நின்றவரால் உடனே நகர முடியாது. உறுதிக்கும் நகர்வுக்கும் நடுவே ஒவ்வோர் உடலும் தன் அளவைக் கண்டுகொள்ள வேண்டும். கால் நீளமும் எடையும் வெவ்வேறாக இருக்கும் நாற்பது பிள்ளைகளை ஒரே அச்சில் நிறுத்துவதும் தவறே.

பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. மூன்று மாதத்தில் முதல் மூன்று வாரங்களை நிற்பதற்கும் நகர்வதற்கும் விழுவதற்கும் மட்டும் ஒதுக்க வேண்டும். விழுவதைக் கற்பிக்காமல் யாரையும் எறியக் கற்பிக்கக் கூடாது. சிமெண்டுத் தளத்தில் உதைப் பயிற்சி வேண்டாம்; மண் தரையும் வெறுங்காலும் போதும், கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிய பிறகு. வெளியிலிருந்து வரும் பயிற்றுநரோடு அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் களத்தில் இருந்து, பிள்ளைகளின் பாதத்தையும் முழங்காலையும் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்குப் பழைய சுளுக்கு இருக்கிறது, யாருக்கு மூச்சிரைப்பு இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். சிலம்பம் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் ஆசான்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காலடிப் பாடத்துக்கு அவர்களை அழைப்பதில் துறைக்குத் தடை ஏதும் இருக்கத் தேவையில்லை.

நிறைவு நாள் விழாவில் ஓடுகளுக்குப் பதிலாக அந்தச் சாக்பீஸ் கோட்டை வைத்துச் சோதிக்கலாம். ஒவ்வொரு மாணவியையும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும் தோழியர் தள்ளட்டும். தடுமாறினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம். தடுமாறிய பின் எத்தனை அடியில் மீண்டும் நிலைக்கு வருகிறாள் என்று எண்ணலாம். பயிற்சியின் முதல் நாளும் அதே எண்ணிக்கையை எடுத்துக் குறித்து வைத்திருந்தால், மூன்று மாதத்தில் அவள் என்ன கற்றாள் என்பது பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.